வயலினைக் கீழே வைக்கக் கூடாது

அன்புள்ள ரகு,

போன வாரம் போனில் கேட்டாயே, "அப்பா, தியா வீட்ல வயலினைத் தொடவே மாட்டேங்கறா. க்ளாஸ்ல ஒழுங்கா வாசிக்கறாளாம், வீட்டுக்கு வந்தா பெட்டியத் திறக்கறதே இல்ல. எங்களுக்கு என்னென்னவோ விளையாட்டெல்லாம் வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது எனக்கு மறந்துபோகிறது, உண்மைதான். காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்று உன் அம்மாவிடம் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த விளையாட்டுகள் எப்படி மறக்கும்? அப்போதே சொல்லியிருப்பேன். உன் பின்னால் ஆபீஸ் சத்தம். "மீட்டிங்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அதுவும் நல்லதுதான், இது மெதுவாகப் படிக்க வேண்டிய கடிதம். பொங்கல் முடிந்ததும் இந்தப் பெஹாலா வீட்டைப் புரமோட்டர் இடித்து ஃப்ளாட் கட்டப் போகிறார். அதற்கு முன் இந்த வீட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதை நீதான் செய்ய வேண்டும். அதைப் பற்றிப் போனில் ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. கல்யாண வீட்டில் கச்சேரி நடந்தால் நான் பந்தி எப்போது என்று விசாரிக்கிற ஆள். டாலிகஞ்ச் டீச்சரிடம் உன்னையும் உன் அக்கா நந்துவையும் சேர்த்துவிட்டது அம்மாவின் ஆசை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்ன வயலின் வாங்கினோம். அம்மா பள்ளிக்கூடம் முடித்து, ட்யூஷனும் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவதற்குள் விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிடும். ஆபீஸிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே அந்தக் கீச்சுச் சத்தத்தில் மாட்டிக்கொள்வது நான்தான். முதல் மாதம் முழுக்க யாரோ பூனையின் வாலை மிதித்துக்கொண்டே இருப்பது போல இருந்தது. "வாசி, வாசி" என்று அதட்டினால் நீ அழுவாய், நந்து முறைப்பாள். விளையாட்டு வைத்தது உங்கள் நன்மைக்காக என்று நான் பெருமை அடித்துக்கொண்டதெல்லாம் பொய். என் காதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வைத்தேன்.

பிஸ்கட் விளையாட்டிலிருந்து தொடங்கு. சிறு பிள்ளைகள் வில்லைப் பிடித்தால் மணிக்கட்டு ஆகாயத்துக்கும் பாதாளத்துக்கும் போகும். தியாவின் வலது புறங்கையில் ஒரு மெல்லிய பிஸ்கட்டை வை. சரளி வரிசை ஒன்றை முடிக்கும்வரை அது விழாமல் இருந்தால் பிஸ்கட் அவளுக்கு. விழுந்தால் உனக்கு. நீ சத்தம் போட்டுக் கடித்துத் தின்ன வேண்டும், அதில்தான் விளையாட்டே இருக்கிறது. நந்து மூன்றாம் நாளே பிஸ்கட்டை ஒரு சொட்டுத் தண்ணீரால் கையில் ஒட்ட வைத்து ஜெயித்தாள். நீ ஒவ்வொரு நாளும் ஒழுங்காக விளையாடி ஒழுங்காகத் தோற்று, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். பிறகு பாதியை உடைத்து உனக்குத் தருவேன். முழுசாகத் தராதே, பாதி போதும்.

அடுத்தது டிராம். வில்தான் டிராம், தந்திதான் தண்டவாளம். தந்திகளைத் தாங்குகிற குதிரைக்கும் விரல் ஓடுகிற பலகைக்கும் நடுவே இருக்கிற இடத்தை விட்டு வில் நகரக் கூடாது. கைப்பிடிப் பக்கம் டெப்போ, நுனி டெர்மினஸ். புறப்பட்ட டிராம் தடம் புரளாமல், குலுங்காமல் போய்ச் சேர வேண்டும். நீ ஓட்டினால் நந்து கண்டக்டர். ஸ்பூனால் டம்ளரைத் தட்டி மணி அடிப்பாள். உன் வில் அவசரப்பட்டால் நம் ஊர் பஸ் கண்டக்டர் மாதிரியே குரலை மாற்றிக்கொண்டு, "ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா!" என்று கத்துவாள். மெதுவாகப் போ, கைக்குழந்தையோடு பெண்கள் இறங்குகிறார்கள் என்று அர்த்தம். உடனே உன் வில் அப்படியே அடங்கி, பட்டுப்போல இழுபடும். டீச்சர் எத்தனை முறை சொல்லியும் வராதது அந்த ஒரு கூச்சலில் வந்தது. இப்போது நம் ரோட்டில் டிராம் இல்லை. தியாவுக்கு மெட்ரோ என்று சொல்லிக்கொள்.

திருடன் விளையாட்டில் முட்டாளாக வேண்டியது நீதான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வரிசையில் எங்கேயோ ஒரு ஸ்வரத்தை மட்டும் வேண்டுமென்றே தப்பாக வாசிக்க வேண்டும். அதுதான் திருடன். கேட்கிறவர் பிடிக்க வேண்டும். நான் ஒரு தடவைகூடச் சரியாகப் பிடித்ததில்லை. "ரெண்டாவது ரி!" என்பேன். நீங்கள் இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரிப்பீர்கள். ஒன்றைத் தப்பாக வாசிக்க வேண்டும் என்றால் மற்றதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு உறைக்கவே இல்லை. ஆனால் ஒன்று செய்யாதே. ஒரு கட்டத்தில் நான் சுவரில் அட்டை ஒட்டி, ஜெயித்தவர் பெயருக்கு நேரே நட்சத்திரம் ஒட்டினேன். நந்துவின் வரிசை நீண்டது, உன் வரிசை நீளவில்லை. ஒரு நாள் நீ வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாய். அன்றைக்கே அட்டையைக் கிழித்துப் போட்டவள் நந்துதான், நான் இல்லை. "இது நல்லா இல்லப்பா" என்று மட்டும் சொன்னாள். தியாவை க்ளாஸில் இருக்கும் மற்ற பிள்ளைகளோடு வைத்துப் பேசாதே.

இவ்வளவும் உனக்கே தெரியும். போனை வைக்கும் முன் நீயே சொன்னாய், "பிஸ்கட், டிராம், திருடன். அவ்ளோதானேப்பா?" என்று. நானும் ஆமாம் என்றேன். அவ்வளவுதான் இல்லை, ரகு. எல்லாவற்றையும்விட நீங்கள் அதிகம் விளையாடியது இன்னொன்று. அதை நீ மறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சொல்லாமல் தாண்டிப் போகிறாய், அவ்வளவுதான். இத்தனை வருஷம் நாங்களும் அதை அப்படித்தான் தாண்டிக்கொண்டிருந்தோம்.

ரத யாத்திரை மேளாவில் நீ ஒரு மர ஆந்தைக்காக அடம்பிடித்தது நினைவிருக்கும். மஞ்சளும் சிவப்பும் பூசியது, உள்ளங்கை அளவு, முகம் முழுக்க இரண்டு உருண்டைக் கண்கள். அம்மா வாங்கவே கூடாது என்றாள். "எங்க ஊர்ல ஆந்தை கூரை மேல உக்காந்தாலே கல்ல விட்டு ஓட்டுவாங்க. இதக் காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டாரதா?" என்றாள். கடைக்காரர் அம்மாவின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "ஏ தோ மா லொக்கீர் பாஹோன், போவுதி!" என்று கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினார். நந்து அதைத் தமிழில் சொன்னாள், "அம்மா, இது லட்சுமியோட வண்டியாம். வீட்டு வாசல் வரைக்கும் வந்த லட்சுமிய நீ வண்டி சரியில்லன்னு திருப்பி அனுப்பறியா?" அம்மா பர்ஸைத் திறந்தாள். ஆந்தை வீட்டுக்கு வந்தது. வங்காளத்தில் ஆந்தையைச் சொல்வது போலவே அதற்குப் பேச்சா என்று பெயர் வைத்தீர்கள்.

பேச்சா விளையாட்டுக்குச் சட்டம் எழுதியவள் நந்து. ஒருவர் நடு அறையில் பேச்சாவை ஒளித்துவைத்துவிட்டு வயலினோடு தரையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மற்றவர் தேட வேண்டும். வாயால் ஒன்றும் சொல்லக் கூடாது, வயலின்தான் சொல்ல வேண்டும். தேடுகிறவர் விலகிப் போனால் வாசிப்பு சன்னமாகும், கிட்டே வந்தால் சத்தம் ஏறும். ஒளித்தவர் தானே எடுத்துக் கொடுக்கக் கூடாது, வேறு யாரும் எடுக்கக் கூடாது, தேடுகிறவர் கைதான் எடுக்க வேண்டும். கடைசிச் சட்டம்தான் அவளுக்கு ரொம்ப முக்கியம். கண்டுபிடிக்கிற வரைக்கும் வயலினைக் கீழே வைக்கக் கூடாது. சாதகம் செய்கிறோம் என்பதே தெரியாமல் நீங்கள் நெடுநேரம் வாசித்தது இந்த விளையாட்டில்தான். டாலிகஞ்ச் டீச்சர் ஒரு நாள் வில்லை நிறுத்தச் சொல்லி, "இந்த வயசுல இவ்வளவு சன்னமா வாசிக்க யார் உனக்குச் சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டார். நீ பேச்சா என்றாய். அவர் ஏதோ பெரிய வித்வான் பெயர் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நாம் பேசியதே இல்லை. தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வராந்தாவில், அறைக்கு முதுகைக் காட்டியபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே நந்து வாசிக்கிறாள், நீ தேடுகிறாய். ச ரி க ம என்று சன்னமாக ஏறுகிறது, இறங்குகிறது. திடீரென்று ஒரு இடத்தில் சத்தம் எழும்பியது. நீ, "இங்க இல்லையே!" என்றாய். அவள் சிரித்துக்கொண்டே தந்தி கீச்சிடும் அளவுக்கு அழுத்தி வாசித்தாள். நீ நகர்ந்துவிட்டாய். வாசிப்பு மறுபடி இறங்கி, சன்னமாகி, ஏறுவரிசையில் பாதியில் நின்றது. "கை வலிக்குது ரகு. நாளைக்குத் தேடு" என்றாள். "சீட்டிங்! கீழ வெச்சுட்ட! சட்டம் போட்டதே நீதான!" என்று நீ சண்டைக்குப் போனாய். "நாளைக்கு எடுத்துக்கறேன்ல, அழாத" என்றாள். பாயில் சுருண்டு படுத்தவளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பந்தலில் டாக் மேளம் அடிக்கத் தொடங்கும்போது நம் வீட்டில் நந்து இல்லை.

வயலினைப் பெட்டியில் வைத்துப் பரண்மேல் ஏற்றினேன். நீ அதன் பிறகு நடு அறையில் படுக்கவில்லை, பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாய். சின்னப் பையன், பயப்படுகிறான், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தோம். நீ வளர்ந்தாய், படித்தாய், சால்ட் லேக்கில் வேலை பார்க்கிறாய், கல்யாணமும் ஆகிக் குழந்தையும் பிறந்துவிட்டாள். ஆனால் இன்றைக்கும் இந்த வீட்டுக்கு வந்தால் வராந்தாவோடு சரி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சாயாவைக் குடித்துவிட்டுச் சாவியைத் தேட ஆரம்பிக்கிறாய். தியா நடு அறைக்குள் ஓடினால், "தியா, பாயிரே ஆய்!" என்று வெளியே கூப்பிடுகிறாய். அந்தக் குரலில் இருக்கிற பதற்றம் குழந்தைக்குப் புரியாது, எனக்குப் புரியும்.

நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. மாலையில் அக்கம்பக்கத்து வீடுகளில் சங்கு ஊதி ஓய்ந்ததும் ஒரு அமைதி வருமே, அந்த நேரத்தில் நடு அறையிலிருந்து எனக்கு ஏறுவரிசை கேட்கிறது. தினமும் இல்லை. மழைக்காலத்தில் அதிகம். ச, ரி, க, ம, அவ்வளவுதான், அங்கே நிற்கிறது. அடுத்த ஸ்வரம் வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வராது. ஈரத்தில் பரண்மேல் தந்தி தளர்ந்து ஏதோ முனகுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் பெட்டியை இறக்கித் திறந்து பார்த்தேன், தந்திகள் எப்போதோ அறுந்து சுருண்டு கிடந்தன. இதை அம்மாவிடம் சொன்னால் பயந்துவிடுவாள் என்று வெகுகாலம் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "உங்களுக்கும் கேக்குதா?" என்றாள். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் டிவியை அணைத்துவிடுகிறோம்.

நீ நந்துவை நினைத்துத்தான் அந்த அறைக்குள் வருவதில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லை என்பது இந்த லட்சுமி பூஜையன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் மருமகள் சோமா போன் செய்தாள். நீ கோபித்துக்கொள்ளாதே, அவள் அழுதுகொண்டு பேசினாள். அவள் பேசுகிற தமிழ் உனக்குத் தெரியும். "பாபா, பூஜைக்கு நான் மர ஆந்தை வாங்கிச்சு. ரகு பாத்திச்சு, எடுத்து வெளிய வெச்சிடுச்சு. 'நான்தான் கேட்டேன், நான்தான் வாங்கச் சொன்னேன்' சொல்லிச்சு. யாரு, என்ன வாங்கச் சொன்னாங்க பாபா? நான் தப்பு பண்ணிச்சா?" என்று கேட்டாள். நீ தப்பு பண்ணலைம்மா என்று சொல்லி வைத்தேன். போனை வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஊரிலிருந்து துக்கத்துக்கு வந்த அத்தை கூடத்தில் உட்கார்ந்து, "ஆந்தைய வீட்டுக்குள்ள வெச்சா வீடு எப்படி விளங்கும்? எவன் இத வாங்கச் சொன்னான்?" என்று அழுதாளே, அதை நீ கேட்டிருக்கிறாய். கீழ் வீட்டு மாஷிமா உன்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள் என்றுதான் அன்றிலிருந்து நான் நினைத்திருந்தேன். நீ கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாய். ஏழு வயதுப் பிள்ளை, எவன் என்ற கேள்விக்குத் தன்னைப் பதிலாக வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வளர்ந்திருக்கிறாய். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

அத்தையைக் கோபிக்காதே. அவளுக்கு நந்து என்றால் உயிர். துக்கத்தில் இருப்பவர்கள் காரணம் தேடுவார்கள், கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நீ இப்போது நான் சொல்வதைக் கேள். பக்கத்து மனையில் பாதியில் நின்றுபோன கட்டடத்தின் தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்த வருஷம் நம் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். கீழ் வீட்டு மாஷிமாவின் பிள்ளையும் அதே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான். அவர்கள் வீட்டு லட்சுமிக்குப் பக்கத்திலும் இதே மாதிரி ஆந்தை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அவன் பிழைத்தான், இன்றைக்கும் ஸ்கூட்டரில் போகும்போது என்னைப் பார்த்துக் கை ஆட்டுகிறான். அதே கொசு, அதே ஆந்தை. நம் ஊரில் அது கெட்ட சகுனம், இந்த ஊரில் லட்சுமியின் வாகனம். இரண்டு ஊரையும் சுமந்துகொண்டு வளர்ந்த நீ, இரண்டில் உன்னைக் குத்துகிறதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாய். நந்து செத்தது உன்னால் இல்லை, ரகு. நீ ஒரு பொம்மை கேட்டாய். உன் அக்கா உனக்காக அம்மாவோடு வாதாடி அதை வாங்கிக் கொடுத்தாள். நடந்தது அவ்வளவுதான்.

இனி வீட்டு விஷயம். மற்றவர்கள் எல்லோரும் காலி செய்துவிட்டார்கள், நான் மட்டும் சாவியைத் தராமல் இழுத்தடிக்கிறேன் என்று உனக்கு எரிச்சல். "புது ஃப்ளாட்டு குடுக்கறாங்க, லிஃப்டு இருக்கு, இன்னும் என்னப்பா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாய். லிஃப்ட் வேண்டாம் என்று யார் சொன்னார்கள், என் முழங்காலுக்குத் தெரியும் அதன் அருமை. விஷயம் வேறு. பேச்சா இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறது. நந்து ஒளித்துவைத்த இடத்திலேயே இருக்கிறது. ஆட்கள் சம்மட்டியோடு வந்தால் செங்கல்லோடும் சுண்ணாம்போடும் அதுவும் லாரியில் போய்விடும்.

எங்கே என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அந்தச் சாயங்காலம் என் காதில் அப்படியே இருக்கிறது. நீ எந்த இடத்தில் நின்று "இங்க இல்லையே!" என்று சொன்னாய், எப்போது வயலின் கீச்சிட்டது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் எழுந்து போய் அந்த இடத்தில் நின்றேன். கையை நீட்டினேன். விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. எடுக்கவில்லை, கையை இழுத்துக்கொண்டேன். தேடுகிறவர் கைதான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சாமான் கட்டும்போது பார்க்கிறேன், அம்மா நடு அறை முழுவதையும் ஒழித்துவிட்டு அந்த ஒரு இடத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறாள். ஒவ்வொரு போகிக்கும் வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிறவள் அங்கே மட்டும் துணிகூடப் போட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அங்க எதுக்கு விட்டு வெச்சிருக்க?" என்று கேட்டேன். "அது அவன் எடுக்க வேண்டியது" என்றாள். அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டப் போய்விட்டாள்.

அந்த இடம் எது என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். எழுதினால் நந்து என்னை மன்னிக்க மாட்டாள். அவள் விதித்த சட்டங்களில் ஒன்றுதான் மீறப்பட்டுக் கிடக்கிறது. கண்டுபிடிக்கும் முன்னால் வயலினைக் கீழே வைத்துவிட்டாள். நாளைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள், அவளால் எடுக்க முடியவில்லை. வயலினை யாராவது எடுக்கத்தானே வேண்டும்? பரணிலிருந்து பெட்டியை இறக்கி, கடைக்குக் கொண்டு போய்த் தந்தி மாற்றினேன். கடைக்காரர், "பேத்திக்கா தாதூ?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொன்னதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சோமா ஞாயிற்றுக்கிழமை தியாவை இங்கே கூட்டிவருகிறாளே, பாட்டி கையால் தோசை வேண்டும் என்று, அது பாதிப் பொய். உன் பெண் எனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கியிருக்கிறேன், அவளைத் திட்டாதே. கால் மடங்க மாட்டேன் என்கிறது, சுவரில் சாய்ந்துதான் உட்காருகிறேன். என் புறங்கையில் பிஸ்கட்டை வைத்துவிட்டு அவள் எதிரே குந்திக்கொண்டு காத்திருக்கிறாள். அது எப்போதும் விழுகிறது, அவள் சத்தம் போட்டுக் கடித்துத் தின்கிறாள். பாதியை உடைத்துக் கொடுக்கவும் மாட்டாள், அந்த விஷயத்தில் அவள் நந்து அத்தையைக் கொண்டிருக்கிறாள். வீட்டில் வயலினைத் தொட மாட்டேங்கிறாள் என்று கவலைப்பட்டாயே, தொடுகிற வீடு இது. அங்கே வயலின் பெட்டியைத் திறந்தாலே உன் முகம் எப்படி மாறுகிறது என்று குழந்தை பார்த்திருக்கிறாள். "பாபார் கோஷ்டோ ஹோய், தாதூ" என்று சொன்னாள், அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதனால் வாசிப்பதில்லை என்று. எந்த விளையாட்டை வேண்டுமானாலும் கொண்டு போ, முதலில் அந்த முகத்தைச் சரி செய்.

எனக்கு இதுவரை ச வரும், ப வரும். மற்றவை வரவில்லை, இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் சன்னமாகவும் சத்தமாகவும் வாசிக்க வருகிறது. அந்த விளையாட்டுக்கு அது போதும். அவள் ஏறுவரிசையில் நின்றுபோனது ம-வில். அடுத்தது ப. அது எனக்கு நன்றாகவே வருகிறது.

இந்த ஞாயிறு வா. வராந்தா நாற்காலியைக் கட்டி லாரிக்கு அனுப்பியாகிவிட்டது, இனி உனக்கு உட்கார வெளியே இடமில்லை. சங்கு ஊதும் நேரத்துக்கு வந்து சேர். அம்மா சமையலறையில் இருப்பாள், தியாவும் அவளோடு இருக்கட்டும். நீ செருப்பைக் கழற்றிவிட்டு நடு அறைக் கதவைத் தள்ளு, திறந்துதான் இருக்கும். நான் சுவரில் சாய்ந்து சன்னமாக வாசித்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் பேசாதே, தேடு. நீ கிட்டே வந்தால் சத்தத்தை ஏற்றுகிறேன். நீ எடுக்கிற வரைக்கும் இந்த முறை யாரும் வயலினைக் கீழே வைக்க மாட்டார்கள்.

அப்பா